வண்ணத்திலும் கொல்லாமை
(அணியெழுத்துக் கலை பயில்வோர்க்கும் பயிற்றுவோர்க்கும் ஒரு பாடம்)



ஆண்டுதோறும் ஸ்ருதபஞ்சமி நன்னாளில் நம் ஜினாலயங்களில் சாத்திரங்களைப் பீடத்தில் எழுந்தருளச் செய்து, மலரும் அட்சதையும் இட்டு வணங்குகின்றோம். தரசேனாசாரியாரிடம் பாடம் கேட்ட புஷ்பதந்தர், பூதபலி ஆகிய இரு முனிவர்களின் உழைப்பால் ஷட்கண்டாகமம் ஏட்டில் ஏறி நிறைவுற்றது, ஜேஷ்ட மாதத்து வளர்பிறை ஐந்தாம் நாள் என்பது நம் மரபு. நினைவில் மட்டும் வாழ்ந்த ஆகமம் எழுத்துருப் பெற்ற நாளாதலின், இதனை எழுத்தின் திருநாள் என்றே கூறலாம்.

ஆயினும் ஒரு வினா எழுகின்றது. நாம் வணங்கும் சுவடிக் கட்டினை அவிழ்த்துப் பார்க்கின்றோமா? அந்த ஷட்கண்டாகமத்தின் பழஞ்சுவடிகள் கருநாடகத்து மூடபித்திரியில் பன்னூறு ஆண்டுகள் காக்கப்பெற்றன. யாத்திரிகர் தொலைவில் நின்று தரிசித்தனர். வாசித்தவர் மிகச் சிலர். 1939ஆம் ஆண்டில் ஹீராலால் ஜைன் அவர்களின் பதிப்பில் முதல் தொகுதி வெளிவந்து, பின்னர்ப் 16 தொகுதிகளாக நிறைவெய்திய பிறகே அது கற்பார் கைக்கு எட்டியது. வணக்கம் ஏட்டைக் காத்தது உண்மை; வாசிப்பே அதற்கு உயிரளித்தது என்பதும் உண்மை.

நம் இல்லத்துப் பிள்ளைகள் ஏட்டை விரும்பி அணுகுவதற்குரிய வழிகளுள் ஒன்று அணியெழுத்துக் கலை. அதனை எவ்வாறு கற்பது, எவ்வாறு கற்பிப்பது, அதில் நம் அறம் எங்கே நிற்கின்றது என்பவற்றை இப்பாடத்தில் காண்போம்.

அணியெழுத்து என்பது யாது?

நூலின் பக்கத்தில் தொடக்க எழுத்தைப் பெரிதாக வரைந்து, அதனைச் சுற்றிப் பூவும் கொடியும் உருவமும் தீட்டி, ஓரங்களில் கரை அமைத்து, பொன்னாலும் வண்ணத்தாலும் பொலிவூட்டுவதையே இங்கு அணியெழுத்து என்று குறிக்கின்றோம். தனித்து நிற்கும் ஓவியம் கண்ணுக்கு விருந்தாயின் போதும். அணியெழுத்தோ கண்ணை ஈர்த்து, அங்கேயே நிறுத்திவிடாது, கருத்தினை வாசிக்கச் செய்தல் வேண்டும்.

மேலைநாட்டில் இக்கலையின் சிகரமாகப் போற்றப்படுவது அயர்லாந்தின் டப்ளின் நகரத்து டிரினிட்டி கல்லூரியில் உள்ள கெல்ஸ் நூல். ஏறத்தாழக் கி.பி. 800ஆம் ஆண்டளவில் உருவான அந்நூலில் இன்று 340 ஏடுகள் உள்ளன. அதன் அழகில் மயங்காதார் இல்லை. ஆயினும் அதன் ஏடுகள் யாவும் கன்றின் தோலால் ஆனவை. நூற்றுக்கு மேற்பட்ட கன்றுகளின் தோல் அதற்குத் தேவைப்பட்டிருக்கும் என்று ஆய்வாளர் கணிப்பர். இதனை இங்கு மனத்தில் இருத்திக் கொள்வோம்.

அச்சுப்பொறி வந்தபின் தேய்ந்துபோன இக்கலையை இலண்டனில் மீண்டும் கற்பித்தவருள் தலையாயவர் எட்வர்டு ஜான்ஸ்டன். அவர் 1906ஆம் ஆண்டில் வெளியிட்ட பாடநூல், எழுத்துக்கு வேண்டிய பண்புகளுள் முதலாவதாக வைப்பது எளிதில் வாசிக்க இயலுதலையே ஆகும்; அழகு அதன் பின்னரே வருகின்றது. ஆசிரியர் எவரும் உளங்கொள்ள வேண்டிய வரிசை இது.

நம் சமயத்தின் செல்வம்

இக்கலை நமக்கு அயலதன்று. ஜெயசல்மேர் நூற்களஞ்சியத்தில் 1060ஆம் ஆண்டுக்குரிய ஓவியச் சுவடி ஒன்று உள்ளது. மூடபித்திரிச் சுவடிகளுள் 12ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்த சில ஏடுகளில், தீர்த்தங்கரர், இயக்கியர், வழிபடுவோர் ஆகியோரின் உருவங்கள் எழுத்துகளுக்கு நடுவே தீட்டப்பெற்றுள்ளன. குசராத்திலும் இராசத்தானத்திலும் வாழ்ந்த ஸ்வேதாம்பர வணிகப் பெருமக்கள் கல்பசூத்திரத்தைப் பொன் எழுத்தாலும் வெள்ளி எழுத்தாலும் எழுதுவித்து நூற்களஞ்சியங்களுக்கு வழங்கினர். 15ஆம் நூற்றாண்டில் செந்நிறப் பரப்பிலும் நீலப் பரப்பிலும் பொன்னெழுத்து மின்னும் ஏடுகள் பல தோன்றின.

அவ்வேடுகளில் பிள்ளைகளுக்குக் காட்டத்தக்க நுட்பம் ஒன்று உண்டு. பனையோலையில் கயிறு கோக்கத் துளையிடுதல் வழக்கம். 14ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தாள் வழக்கிற்கு வந்தபின் துளை தேவைப்படவில்லை. ஆயினும் எழுதுவோர் தாளையும் ஓலைபோல் நீண்டதாகவே நறுக்கினர்; துளை இருந்த இடத்தில் சிவப்பு வட்டம் ஒன்றை வரைந்தனர். பயன் நீங்கிய இடத்தில் நினைவு அணியாக நின்றது.

மற்றொரு செய்தியும் அறியத்தக்கது. எழுதுவோர் ஒருவராகவும் வரைவோர் வேறொருவராகவும் இருப்பது அங்குப் பெருவழக்கு. எழுதுவோர் முதலில் பாடத்தை எழுதி, ஓவியத்திற்கு இடம் விட்டு, ஓரத்தில் சிறு குறிப்பும் எழுதி வைப்பார். ஓவியர் பின்னரே வருவார். எழுத்து முன்னும் வண்ணம் பின்னுமாக அமைந்த இம்முறை ஜான்ஸ்டன் கூறிய வரிசையோடு ஒத்திருத்தல் காண்க.

தமிழகத்தில் நமக்குக் கிடைத்திருப்பவை பெரும்பாலும் சுவர் ஓவியமும் விதான ஓவியமும் ஆகும். சித்தன்னவாசலின் தாமரைப் பொய்கையை அறியாதார் இலர். திருப்பருத்திக்குன்றத்துத் திரைலோக்கியநாதர் கோயிலில், விசயநகர அமைச்சர் இருகப்பர் 1387-88இல் எழுப்பிய சங்கீத மண்டபத்தின் விதானத்தில், ஆதிநாதர், நேமிநாதர், வர்த்தமானர் ஆகியோரின் வரலாறுகள் வரிசை வரிசையாகப் பிற்காலத்தில் தீட்டப்பெற்றன. காட்சிகளின் அருகே அவற்றை விளக்கும் தமிழ் வரிகளும் எழுதப்பெற்றுள்ளன. ஓலைச்சுவடியின் ஒரு பக்கம் விதானத்தில் விரிந்தாற் போன்றது அம்மண்டபம். பிள்ளைகளை அழைத்துச் செல்வோர் உருவங்களைக் காட்டுவதோடு அமையாது, அவ்வரிகளையும் கூட்டி வாசிக்கச் செய்தல் நன்று.

விடுதலை பெற்ற இந்தியாவின் முதற்பெரும் அணியெழுத்து நூலும் நம்மோடு தொடர்புடையதே. நமது அரசமைப்புச் சட்டத்தின் மூலப்படியைப் பிரேம் பிஹாரி நாராயண் ராய்ஜாதா என்பார் கையால் எழுதினார். ஊதியம் வேண்டாது, பக்கந்தோறும் தம் பெயரும் இறுதியில் தம் பாட்டனார் பெயரும் பொறிக்கும் உரிமையை மட்டுமே அவர் வேண்டினார் என்பர். நந்தலால் போஸும் அவர்தம் சாந்திநிகேதன் மாணவர்களும் அதற்கு ஓவியமும் கரையும் தீட்டினர். 1950 சனவரி 24 அன்று உறுப்பினர்கள் அதில் கையொப்பமிட்டனர். அந்நூலின் ஆறாம் பகுதியின் முகப்பில் தவக்கோலத்தில் வீற்றிருப்பவர் பகவான் மகாவீரர். இதனை நம் பிள்ளைகளுள் எத்தனை பேர் அறிவர்?

எடப்புளி நாட்டில் நாம் கற்ற பாடம்

இனிக் கூறப்போவது நம் பெருமையன்று, நம் பிழை. ஆயினும் இப்பாடத்தின் உயிர்நிலை அதுவே.

கொல்லிமலை 14 நாடுகளாகப் பகுக்கப்பெற்றது. அவற்றுள் ஒன்று எடப்புளி நாடு. ஆசிரியப் பயிற்சியில் நம்மோடு பயின்ற தோழியார் ஒருவர் அங்கு வாழ்ந்தார். பணி ஓய்வு பெற்றபின் சில கோடைகளில் நாம் அவர் இல்லத்தில் தங்கி, மலைவாழ் சிறார்க்கும் நம்முடன் வந்த நம் குடும்பப் பிள்ளைகளுக்கும் எழுத்தும் ஓவியமும் கற்பித்தோம். பலாமரத்து நிழலே வகுப்பறை.

ஒரு நாள் 22 தூரிகைகளைப் பரப்பி, இவை ஒட்டக மயிரால் ஆனவை என்று விளக்கினோம். உறையில் அவ்வாறே அச்சிடப்பட்டிருந்தது. முப்பது ஆண்டுகளாக வகுப்புகளில் அவ்வாறே கூறியும் வந்தோம். ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தி ஒரு தூரிகையின் நுனியை விரலால் நெடுநேரம் வருடிவிட்டு, “டீச்சர், இது ஒட்டகம் இல்லைங்க. அணில் வாலுங்க” என்றாள். காட்டோடு பழகிய கைக்கு அது தெரிந்தது. நாம் மறுமொழி கூறுமுன், “ஒரு பிரஷ்ஷுக்கு எத்தனை அணிலுங்க?” என்று வினவினாள்.

நம்மிடம் விடை இல்லை. நீரை வடிகட்டிப் பருகுகின்றோம். பொழுது சாய்ந்தபின் உண்பதில்லை. நடக்கும் வழியில் எறும்பைக் கண்டால் விலகுகின்றோம். ஆயினும் நமோகார மந்திரத்தை எழுதிய ஏட்டிற்கு எதனால் வண்ணம் தீட்டினோம் என்று ஒரு நாளும் கேட்டோமில்லை. அன்று தூரிகைகளை எடுத்து வைத்துவிட்டு வகுப்பை முடித்தோம். பின்னர் விசாரித்ததில் சிறுமி கூறியது சரியே என்று தெளிந்தது. ஒட்டக மயிர் என்பது வணிகப் பெயர் மட்டுமே. அணில், ஆடு, குதிரை முதலியவற்றின் மயிரே அப்பெயரால் விற்கப்படுகின்றது.

மறுநாள் அச்சிறுமியின் தந்தையார் ஒரு குடுவை நிறைய மலைத்தேன் கொணர்ந்தார். வண்ணம் உலராதிருக்கத் தேன் சேர்ப்பதுண்டு என்று நாம் முன்னர்ப் பாடத்தில் கூறியதை மகள் வீட்டில் சொல்லியிருக்கின்றாள். பாறையில் ஏறி எடுத்த தேனை மகளின் ஆசிரியைக்கென அவர் கொணர்ந்த அன்பு பெரிது. நாம் தேன் கொள்ளாதவர். அவர் வாழ்முறையைப் பழியாமலும் நம் விரதத்தை மறையாமலும், “ஐயா, எங்கள் குடும்பத்தில் தேன் புழங்குவதில்லை, மரத்தில் தானே வடியும் பிசின் கிடைக்குமாயின் அதுவே எங்களுக்குப் பேருதவி” என்றோம். அவர் சிறிது திகைத்தார், பின்னர்ச் சிரித்தார். அடுத்த வாரம் அடிவாரத்திலிருந்து கருவேலம் பிசின் வந்தது. நம் வண்ணப்பாடம் அன்று புதிதாகத் தொடங்கிற்று.

கருவிகளை ஆராய்தல்

இல்லறத்தார்க்கு முழுமையான கொல்லாமை இயலாது என்பதனை நம் நூல்கள் மறைக்கவில்லை. ஹிம்சையைச் சங்கல்பி, ஆரம்பி, உத்தியோகி, விரோதி என நான்காகப் பகுத்து, மனமறிந்து உயிரைக் கொல்லும் முதலாவதனை அறவே விலக்கவும், சமையல், தொழில், தற்காப்பு முதலியவற்றில் நேரும் ஏனையவற்றை இயன்றவரை குறைக்கவும் அணுவிரதம் பணிக்கின்றது. இவ்வளவுகோலைக் கொண்டு ஓவியக் கருவிகளை ஒவ்வொன்றாக நோக்குவோம்.

தூரிகை: விலையுயர்ந்த நீர்வண்ணத் தூரிகைகள் சைபீரிய மரநாய் இனத்தின் வால் மயிராலும், எண்ணெய் வண்ணத் தூரிகைகள் பன்றி மயிராலும் செய்யப்படுவன. கீரி மயிர்த் தூரிகையோ அறத்திற்கு மட்டுமன்றி, 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்திற்கும் மாறானது. ஓவியர் சிலர் அணிலைப் பிடித்து வால் நுனியைக் கத்தரித்து விட்டுவிடுவதுண்டு. ஆயினும் கடைத் தூரிகைக்கான மயிர் பெரும்பாலும் தோலுக்காகக் கொல்லப்பட்ட விலங்கினுடையதே. இன்று நைலான் இழைத் தூரிகைகள் நல்ல நுனியோடு எளிய விலையில் கிடைக்கின்றன. எழுதுவதற்கு மூங்கிலைச் சாய்வாகச் சீவிய எழுதுகோலும், பரந்த இடத்திற்கு நுனி நசுக்கிய மூங்கில் குச்சியும் போதும்.

பசைப்பொருள்: நீர்வண்ணத்தின் அடிப்படை மரப்பிசினே. இது நமக்கு நற்பேறு. ஆயினும் சில வண்ணங்களில் தேனும், மாட்டின் பித்தநீரும் சேர்க்கப்படுவதுண்டு. மைக்கட்டிகள் பலவற்றில் எலும்புப் பசையும், நீர் படாத கறுப்பு மைகள் சிலவற்றில் அரக்கும் உண்டு.

நிறம்: கார்மைன் என்னும் செந்நிறம் கள்ளிச்செடியில் வாழும் பூச்சிகளைப் பல்லாயிரக்கணக்கில் உலர்த்தி எடுக்கப்படுவது. வண்ணக் குழாயின் மேல் நிறமிக் குறியீட்டில் இயற்கைச் சிவப்பு 4 என்றிருப்பின் அதுவே. கறுப்பு 9 என்பது எலும்புக் கரி. கறுப்பு 6, கறுப்பு 7 ஆகியன புகைக்கரி வகையின. செபியா என்னும் பழுப்பு முற்காலத்தில் கணவாய் மீனின் மையிலிருந்து பெறப்பட்டது. இன்று பெரும்பாலும் வேறு நிறங்களின் கலவை.

தாள்: உயர்வகை நீர்வண்ணத் தாள்கள் பலவற்றிற்கு விலங்கின் எலும்பிலிருந்தும் தோலிலிருந்தும் எடுத்த கெலட்டின் பூசப்படுகின்றது. பருத்திக் கந்தலில் செய்த கைத்தாளை வாங்குமுன் எதனால் பதமிடப்பட்டது என்று கேட்டறிக.

பொன், வெள்ளி இழை: மாட்டுக் குடலின் சவ்விற்கு இடையில் வைத்துத் தட்டி மெலிதாக்குதல் பழைய முறை. இனிப்பின் மேல் ஒட்டும் வெள்ளி இழையில் விலங்குப் பொருள் எந்நிலையிலும் சேரலாகாது என்று 2016இல் உணவு விதி வந்தது. ஓவியத்திற்கான இழைக்கு அவ்வுறுதி இல்லை. மஞ்சட்காவியைத் திருத்தமாகப் பூசினால் தொலைவில் பொன்போலவே தோன்றும். மிகுபொருள் விரும்பாமையைப் போற்றும் நமக்குப் பொன் இன்றியமையாததன்று.

இவ்வாறு கூறுவதால் முன்னோரைக் குறை கூறுவதாகக் கொள்ளற்க. இந்திய நுண்ணோவிய மரபில் அணில் மயிரும் அரக்குச் சிவப்பும் பெருவழக்காகவே இருந்தன. அவர்களுக்கு மாற்றுப் பொருள் அரிதாக இருந்தது. நமக்கோ மாற்று கடையிலேயே இருக்கின்றது. அறிந்தபின் விலக்குவதே நம் கடன்.

வண்ணம் ஆக்கும் முறை

செம்மண், மஞ்சட்காவி, வெண்களிமண், விளக்குக் கரி, அவுரி நீலம் ஆகிய ஐந்தும் தொடக்கத்திற்குப் போதும். 1938இல் ஹரிபுரா காங்கிரசு மாநாட்டிற்கென நந்தலால் போஸ் தீட்டிய புகழ்பெற்ற ஓவியங்களும் மண் வண்ணங்களைக் கைத்தாளில் தீட்டியவையே.

மண்ணைக் கோடையில், உலர்ந்த மேட்டிலிருந்து எடுக்க. நிழலில் துணிமேல் பரப்பிச் சிறிது நேரம் விட்டால், அதிலுள்ள சிற்றுயிர்கள் அகன்றுவிடும். பின்னர் வடிகட்டிய நீரில் கலக்கி, மணல் அடியில் தங்க ஒரு நிமிடம் பொறுத்து, கலங்கல் நீரை மட்டும் வேறு கலத்தில் வடித்து மூடி வைக்க. மறுநாள் தெளிந்த நீரை இறுத்து, படிந்த வண்டலை உலர்த்தி அரைத்தால் மென்மையான நிறம் கிடைக்கும்.

ஒரு பங்கு கருவேலம் பிசினை இரு பங்கு நீரில் இரவு முழுதும் மூடி ஊறவைத்து, துணியில் வடித்து, கெடாதிருக்க ஒரு துளி கிராம்புத் தைலம் சேர்க்க. தேனுக்கு மாற்றாகச் சில துளி தாவரக் கிளிசரின் போதும். இப்பிசின் நீரோடு நிறத்தூளை அரைத்துத் தாளில் பூசி உலரவிடுக. விரலில் ஒட்டினால் பிசின் குறைவு. வெடித்தால் பிசின் மிகுதி. இச்சோதனையைப் பிள்ளைகளே செய்து காணட்டும்.

மூன்று எச்சரிக்கைகள் உண்டு. அரிதாரம், சாதிலிங்கம் முதலிய பழைய நிறங்கள் நஞ்சு. அவற்றைப் பிள்ளைகள் தீண்டலாகாது. மஞ்சள்தூள் வெயிலில் விரைவில் வெளுத்துவிடும். நிலைக்க வேண்டிய ஏட்டிற்கு ஆகாது. விளக்கேற்றிக் கரி பிடிப்பதையும் வண்ணம் தீட்டுவதையும் பகலிலேயே செய்க. இரவில் ஒளியை நாடிவரும் பூச்சிகள் சுடரிலும் நிறக் கிண்ணத்திலும் வீழ்ந்து மடியும். வேலை முடிந்ததும் நீர்க்கலத்தைத் திறந்து வைத்துச் செல்லலாகாது.

கற்பிக்கும் முறை

முதல் வாரம் வண்ணமே வேண்டா. நேராக அமர்தல், கோடிடுதல், எழுதுகோலை ஒரே சாய்வில் பிடித்தல் ஆகியன மட்டும் பயிலட்டும். ட, ப, ம என நேர்கோட்டு எழுத்துகளில் தொடங்கி, வளைவுடைய வ, ய, அ ஆகியவற்றிற்குச் செல்க. எழுத்தாணியால் ஓலையில் எழுதும்போது நீண்ட நேர்கோடு ஓலையைக் கிழிக்குமாதலின், வளைந்த வடிவங்கள் அதற்கு ஏற்றனவாயின என்பதனையும் புள்ளி குத்துவதைத் தவிர்த்தனர் என்பதனையும் அவ்வமயம் விளக்குக. தாம் எழுதும் வடிவத்திற்கு ஒரு வரலாறு உண்டு என்று அறிந்த பிள்ளை அதனைச் சிதைத்து எழுதாது.

இரண்டாம் வாரம் இடப்பங்கீடு. தொடக்க எழுத்திற்குக் கட்டமும், கரைக்கு இரு விரல் அகலமும், எஞ்சிய இடம் பாடத்திற்கும் ஒதுக்குக.

மூன்றாம் வாரம் அணி. தொடக்க எழுத்தோடு இலாஞ்சனத்தை இணைக்கலாம். ஆதிநாதருக்கு எருது, சாந்திநாதருக்கு மான், நேமிநாதருக்குச் சங்கு, மகாவீரருக்குச் சிங்கம் என 24 ஏடுகள் ஒரு வகுப்பிற்கு அமையும். கரைக்குத் தாமரை, முக்குடை, கவரி, கலசம் ஆகியன பொருந்தும்.

நான்காம் வாரமே வண்ணம். இங்குப் பஞ்சபரமேட்டிகளின் ஐந்நிறத்தைக் கற்பிக்க. அருகர்க்கு வெண்மை, சித்தர்க்குச் செம்மை, ஆசாரியர்க்கு மஞ்சள், உபாத்தியாயர்க்குப் பசுமை, சாதுக்களுக்குக் கருமை. நீர்வண்ணத்தில் பசுமை வேண்டுமாயின் அவுரியும் மஞ்சட்காவியும் கலக்க. வெண்மையோ பூசப்படுவதன்று, தாளைத் தீண்டாது விடுவதே வெண்மை. மெல்லிய நிறம் முன்னும் அழுத்தமான நிறம் பின்னுமாகச் செல்ல வேண்டும். ஒருமுறை இருண்ட இடத்தை மீண்டும் வெளுக்கச் செய்தல் அரிது. அருகர்க்குரிய நிறம் துறப்பதனால் கிடைப்பது என்று கூறினால், பிள்ளைகள் அவ்விடத்தைக் காக்கும் கவனம் வியக்கத்தக்கதாக இருக்கும்.

இவை அனைத்திற்கும் மேலாக ஒரு விதியை வைத்துக் கொண்டோம்: தான் எழுதிய வரியை உரக்க வாசித்துப் பொருள் கூறாத பிள்ளைக்கு வண்ணக் கிண்ணம் இல்லை. இவ்விதி பிறந்த கதையையும் கூறிவிடுவோம். நம் வகுப்பில் ஒரு பிள்ளை மூன்று நாள் உழைத்து, தாமரையும் கொடியும் சூழ, மிக எழிலாக ஓர் ஏடு வரைந்தது. பெற்றோரும் மகிழ்ந்து சட்டமிட்டனர். அதில் ‘அறம்’ என்று இருக்க வேண்டிய இடத்தில் ‘அரம்’ என்று இருந்தது. இரும்பை அராவும் கருவிக்கு அத்தனைத் தாமரைகள்! பிழை பிள்ளையினுடையது அன்று. எழுத்தை நோக்காது அழகை மட்டும் நோக்கிய நம்முடையது.

மதிப்பெண் இடுகையில் வண்ணத்திற்குக் குறைவாகவும், பிழையின்மைக்கும் தெளிவிற்கும் மிகுதியாகவும் இடுக. கை நடுங்கும் பிள்ளையும் பிழையற எழுதி முதலிடம் பெறலாம் என்னும் நம்பிக்கை அப்போதே பிறக்கும்.

இரு தானங்கள் ஓர் ஏட்டில்

ஆகார தானம், ஔஷத தானம், சாத்திர தானம், அபய தானம் என நம் அறம் நான்கு கொடைகளைக் கூறும். அணியெழுத்து ஏடு ஒன்றை எழுதி ஜினாலயத்திற்கோ கற்பார்க்கோ வழங்குதல் சாத்திர தானம். ஆனால் அவ்வேட்டின் நிறத்தில் ஓர் உயிரின் மரணம் கலந்திருக்குமாயின், ஒரு கையால் சாத்திரத்தை வழங்கி மறு கையால் அபயத்தைப் பறித்தவராவோம். இரண்டும் ஓர் ஏட்டில் ஒன்றுதல் வேண்டும். எழுத்து பிழையின்றி அமைவது ஞானத்திற்குச் செய்யும் விநயம். வண்ணம் குருதியின்றி அமைவது உயிர்க்குச் செய்யும் விநயம்.

இவ்வறிவை நாம் பெற்றது பெருநூல் எதிலிருந்தும் அன்று. நம் சமயத்தின் பெயரையும் கேட்டறியாத ஒரு மலைச் சிறுமியின் வினாவிலிருந்து. நம் பிள்ளைகளும் அவ்வாறு வினவும்போது, உறையில் அச்சிட்டதை ஒப்பிக்காது, அவர்களோடு சேர்ந்து விசாரித்து அறிவோமாக.

வரும் ஸ்ருதபஞ்சமிக்கு ஒரு வேண்டுகோள். இல்லத்தில் ஓலைச்சுவடியோ பாட்டனார் கைப்பட எழுதிய நோட்டோ இருப்பின், சுவடி அறிந்தார் ஒருவரை உடன்வைத்து அக்கட்டினை அவிழ்க்க. ஒரே ஒரு வரியைப் பிள்ளை வாசிக்கட்டும். அதனைத் தாளில் பிழையற எழுதட்டும். மண்ணாலும் பிசினாலும் ஆன வண்ணத்தால் அணி செய்யட்டும். மலரோடு அவ்வேட்டையும் பீடத்தில் வைத்து வணங்குவோம்.

சிந்தனை வினாக்கள்

1. தாளில் எழுதப்பெற்ற கல்பசூத்திர ஏடுகளின் நடுவே சிவப்பு வட்டம் வரையப்படுவது ஏன்?
2. நம் அரசமைப்புச் சட்டத்தின் மூலப்படியில் மகாவீரர் ஓவியம் எப்பகுதியின் முகப்பில் உள்ளது?
3. விளக்குக் கரியைப் பகலில் பிடிக்க வேண்டும் என்பதன் காரணம் யாது?
4. நால்வகை ஹிம்சையுள் மயிர்த் தூரிகைக்காக விலங்கைக் கொல்லுதல் எதில் அடங்கும்? உன் இல்லத்து வண்ணப் பெட்டியை ஆராய்ந்து, ஐயத்திற்குரிய பொருள்களைப் பட்டியலிடுக.
5. ‘அறம்’, ‘அரம்’ போல ஓர் எழுத்தால் பொருள் மாறும் சொற்கள் ஐந்தினைக் கண்டறிந்து, பெற்றோர் முன் வாசித்துக் காட்டுக.

அறம் வளர்க! கொல்லாமை ஓங்குக!